பழைய டிராக்டரை செல்போனில் விற்றால் தரகு மிச்சமா?

தை அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டாகிவிட்டது. கூட்டுறவுச் சங்கக் கடனுக்குத் தவணை வந்து நிற்கிறது. இந்தச் சமயத்தில்தான் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய டிராக்டர் மீது பல விவசாயிகளின் கண் போகிறது. வருடத்தில் இருபது நாள் உழவுக்காக ஒரு டிராக்டரை வைத்துக்கொண்டு, டயரும் பேட்டரியும் மாற்றிக்கொண்டிருப்பதை விட, விற்றுவிட்டு வாடகைக்கு உழுதுகொள்ளலாம் என்று நினைப்பது ஐந்து ஏக்கர் விவசாயிக்கு நியாயமான யோசனைதான். எங்கே விற்பது, எப்படி விற்பது என்பதில்தான் சிக்கல்.

முன்பு இதற்கு ஒரே வழி தரகர். அவர் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார், ஒரு விலை சொல்வார், வாங்குகிறவரை அழைத்து வருவார், இரு பக்கமும் தரகு வாங்கிக்கொண்டு போவார். இப்போது கையில் செல்போன் இருக்கிறது. நான்கு படம் எடுத்துப் போட்டால் நாகப்பட்டினத்தில் இருப்பவரும் பார்க்கலாம், நாமக்கல்லில் இருப்பவரும் பார்க்கலாம். விளம்பரத்துக்குக் காசு இல்லை, தரகும் இல்லை என்று சொல்கிறார்கள். தரகு இல்லை என்பது உண்மை. ஆனால் தரகர் செய்துவந்த வேலை அத்தனையும் அப்படியே விவசாயியின் தலையில் வந்து இறங்குகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

ஒரு விவசாயியின் கணக்கு

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு விவசாயி என்று வைத்துக்கொள்வோம். சொந்தம் மூன்று ஏக்கர், குத்தகை இரண்டு ஏக்கர். 35 குதிரைத்திறன் டிராக்டர், வாங்கி 14 ஆண்டுகள் ஆகிறது. கேஜ் வீலும் ஒன்பது கலப்பையும் உண்டு. உள்ளூர்த் தரகர் வந்து பார்த்துவிட்டு, பேட்டரி போயிருந்தாலும் பரவாயில்லை, இருக்கிறபடியே ரூ.1,90,000-க்கு எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்கிறார். தரகு 2 சதவிகிதம் என்றால் ரூ.3,800 போக, கையில் ரூ.1,86,200 நிற்கும்.

திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், "அப்பா, இதே வண்டியை போன்ல ரெண்டே காலுக்கு மேல போட்டிருக்காங்க. அவசரப்படாதீங்க" என்கிறான். அவனே படங்களைப் போட்டு ரூ.2,40,000 என்று விலையும் போட்டுவிடுகிறான்.

முதல் நாளே போன் மணி அடிக்கத் தொடங்குகிறது. நடவு வயலில் நிற்கும்போது ஒன்று, சாப்பிட உட்காரும்போது ஒன்று, இரவு பத்தரை மணிக்கு ஒன்று. பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணே, கடைசி விலை என்ன?" வண்டி என்ன ஆண்டு, எத்தனை மணி ஓடியது, டயர் எப்படி என்று எதுவும் கேட்காமல் கடைசி விலையை மட்டும் கேட்பவர் வாங்க வருகிறவர் அல்ல. அவர் வியாபாரியாக இருப்பார், அல்லது தன் வண்டியை என்ன விலைக்குப் போடலாம் என்று தெரிந்துகொள்ள விரும்பும் இன்னொரு விற்பனைக்காரராக இருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் நிச்சயம் வருகிறேன் என்று சொன்னவருக்காக வயலுக்குப் போகாமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால், மாலையில் அவர் போனை எடுப்பதில்லை.

ஒரு வாரத்தில் விளம்பரம் கீழே போய்விடுகிறது. புதிதாகப் போட்டவர்களின் வண்டிகள் மேலே வருகின்றன. மீண்டும் மேலே காட்ட வேண்டுமானால் கட்டணம் கட்டு என்று போன் சொல்கிறது. இரண்டு முறை கட்டியதில் ரூ.900. நேரில் வந்து பார்த்த முதல் இருவரும் பேட்டரியைக் காட்டியே விலையை இறக்கியதால் புது பேட்டரி ரூ.6,500. கழுவி, சீட் தைத்து, மட்கார்டுக்கு வர்ணம் அடித்தது ரூ.2,500. வந்தவர்கள் எல்லாரும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்ததில் டீசல் ரூ.1,100. காத்திருந்தும் அலைந்தும் போன வேலை நாட்கள் ஆறு, நாளுக்கு ரூ.600 என்று போட்டாலும் ரூ.3,600. மொத்தம் ரூ.14,600.

ஏழு வாரம் கழித்துப் பக்கத்து தாலுகாக்காரர் ஒருவர் ரூ.1,98,000-க்கு வாங்கிக்கொள்கிறார். தரகர் சொன்னதை விட ரூ.8,000 அதிகம் என்று வீட்டில் மகிழ்ச்சி. செலவைக் கழித்துப் பார்த்தால் கையில் நின்றது ரூ.1,83,400. தரகர் வழியில் விற்றிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதை விட ரூ.2,800 குறைவு. ரூ.2,00,800-க்கு மேல் விற்றிருந்தால்தான் செல்போன் வழி லாபம்.

இது ஓர் உதாரணக் கணக்குதான். ஒவ்வொருவருக்கும் தொகை மாறும். ரூ.2,20,000 கொடுத்து வாங்கிப் போகிற ஆள் இரண்டாம் நாளே வந்து நிற்பதும் உண்டு. ஆனால் விளம்பரம் போடுவதற்கு முன்பே இப்படி ஒரு கணக்கை நோட்டில் எழுதி, எந்த விலைக்குக் கீழே போனால் தரகரே மேல் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். போனில் பிறர் போட்டிருக்கும் விலையைப் பார்த்து மயங்கக் கூடாது. அது கேட்கும் விலை. விற்ற விலை அல்ல. என்ன விலைக்கு முடிந்தது என்பதை எவரும் போனில் போடுவதில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. புது வண்டியின் விலை இறங்கும்போது பழைய வண்டியின் விலையும் சேர்ந்தே இறங்கும். அதற்கு முன்பு பக்கத்து வீட்டுக்காரர் விற்ற விலையை இப்போது எதிர்பார்த்துக் காத்திருப்பதில் பயன் இல்லை.

விளம்பரத்தில் என்ன எழுதுவது?

வீண் போன்களைக் குறைக்க ஒரே வழி, கேட்கப்போகும் கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் எழுதிவிடுவது. எந்த ஆண்டு வண்டி, எத்தனை குதிரைத்திறன், மீட்டரில் எத்தனை மணி, முன் டயர் பின் டயர் எத்தனை சதம், ஆர்.சி. புத்தகம் யார் பெயரில், காப்பீடு எந்தத் தேதி வரை, கலப்பை சேர்த்தா தனியா என்று எழுத வேண்டும். எண்ணெய் கசிவு இருந்தால் அதையும் எழுதிவிட வேண்டும். குறையை எழுதினால் வண்டி விலை போகாது என்று பயப்படுகிறார்கள். உண்மையில் குறையைத் தெரிந்துகொண்டு வருகிறவர்தான் வாங்குகிற ஆள். தெரியாமல் ஐம்பது மைல் வந்தவர், வந்த எரிச்சலில் இருபதாயிரம் குறைத்துக் கேட்பார்.

படம் காலை வெயிலில் எடுக்க வேண்டும். என்ஜின் பக்கம், நான்கு டயர், மணி மீட்டர் தெளிவாகத் தெரிய வேண்டும். வண்டி எண் பலகையைத் துணி போட்டு மறைத்துவிடுவது நல்லது. ஆர்.சி. புத்தகத்தையோ ஆதார் அட்டையையோ படம் எடுத்துப் போனில் அனுப்பவே கூடாது. அந்தப் படங்களை வைத்துக்கொண்டு, வண்டி தன்னுடையது என்று வேறு ஊரில் விளம்பரம் போட்டு, முன்பணம் வாங்கி ஏமாற்றுகிற கூட்டம் இருக்கிறது. ஏமாந்தவர் போலீசுக்குப் போகும்போது ஆதாரில் இருக்கும் பெயர் அப்பாவி விவசாயியின் பெயராக இருக்கும்.

விளம்பரத்தை இரண்டு, மூன்று மாவட்டங்களுக்குள் நிறுத்திக்கொள்வதும் அவசியம். டிராக்டர் பார்சலில் போகிற சாமான் அல்ல. தொலை தூரத்திலிருந்து கேட்பவர் லாரி வாடகையை வண்டி விலையில்தான் கழிப்பார். வாங்க வருகிறவர் கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்து வருவது வழக்கம். அந்த மெக்கானிக் ஒரு முறை தலையை ஆட்டினால் ரூ.10,000 குறையும். ஆகவே உங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கும் அன்றைக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. என்ஜினை முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காமல், வந்தவர் எதிரிலேயே முதல் ஸ்டார்ட் போட்டுக் காட்டினால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

எந்த மாதம் விற்பது என்பதும் விலையைத் தீர்மானிக்கும். காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய மாதத்தில் உழவுக்கு வண்டி தேடுபவர்கள் அதிகம். அறுவடை முடிந்த மாசி, பங்குனியில் விற்பவர்கள் அதிகம். தவணைக்குப் பணம் வேறு வழியில் புரட்ட முடிந்தால் வைகாசி வரை பொறுப்பது லாபம்.

பணம் வரும் வழியில் போகும் பணம்

போனில் பேசுகிறவர் தன்னை ராணுவத்தில் இருப்பதாகச் சொல்கிறார். அடையாள அட்டையின் படத்தையும் அனுப்புகிறார். வண்டியைப் பார்க்கவே வேண்டாம், படத்திலேயே பிடித்துவிட்டது, கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். முன்பணம் அனுப்புவதற்காக ஒரு கட்டம் கட்டமான படத்தை, அதாவது கியூ.ஆர். கோடை அனுப்பி, "அதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க ஐயா, பணம் உங்க கணக்குக்கு வந்துடும்" என்கிறார். நம்பிக்கை வருவதற்காக முதலில் ஐந்து ரூபாய் அனுப்பியும் காட்டுவார். பின் எண்ணைப் போட்ட அடுத்த நிமிடம் விவசாயியின் கணக்கிலிருந்து பணம் போய்விடுகிறது.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. யு.பி.ஐ. முறையில் பின் எண் போடுவது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. பணம் வாங்குவதற்கு எந்த எண்ணும் போட வேண்டியதில்லை; எதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. தனி நபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி இந்த மோசடிகள் காரணமாக 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கியூ.ஆர். கோடு இருக்கத்தான் செய்கிறது. வண்டியைப் பார்க்காமலே கேட்ட விலையைக் கொடுக்கச் சம்மதிப்பவர் எவராக இருந்தாலும் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். டிராக்டர் வாங்குகிற விவசாயி எவரும் அப்படி வாங்கியதில்லை.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. அது பெரிய தவறு. 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்து புகார் சொல்ல வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்கு முன்பு தகவல் போனால் அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. மறுநாள் போனால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும்.

வாசலிலேயே நடக்கும் மோசடி

இதை விடச் சாமர்த்தியமான மோசடி ஒன்று உண்டு. இதில் வண்டியும் நேரில் இருக்கும், வாங்குகிறவரும் நேரில் இருப்பார். இரண்டு பேருமே நல்லவர்கள். ஏமாற்றுகிறவன் மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

போனில் ஒருவன் பேசுகிறான். "அண்ணே, வண்டி எனக்குப் பிடிச்சிருக்கு. நீங்க சொன்ன ரெண்டு நாற்பதையே தர்றேன். நான் வெளியூர்ல இருக்கேன். என் மச்சான் நாளைக்கு வந்து வண்டியைப் பார்ப்பாரு. எங்களுக்குள்ள ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கு. அதனால அவர்கிட்ட விலையைப் பத்தி மட்டும் பேசிடாதீங்க." கேட்பதற்கு இதில் தவறாக ஒன்றும் தோன்றாது.

அதே நேரத்தில் அவன் அந்த டிராக்டரின் படங்களையே எடுத்து, வேறு மாவட்டத்தில் ரூ.1,60,000 என்று விளம்பரம் போட்டிருப்பான். மலிவாக இருக்கிறதே என்று கேட்ட ஒரு விவசாயியிடம், "வண்டி எங்க சித்தப்பா வீட்டுல நிக்குது. போய்ப் பாருங்க. அவருக்கு விலை தெரியக் கூடாது, அவர்கிட்ட பேசாதீங்க" என்று சொல்லியிருப்பான்.

மறுநாள் அந்த விவசாயி வருகிறார். இவர் அவரை மச்சான் என்று நினைக்கிறார். அவர் இவரைச் சித்தப்பா என்று நினைக்கிறார். காபி கொடுத்து உபசரிக்கிறார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்கிறார்கள். விலை பற்றி மட்டும் இருவரும் வாய் திறப்பதில்லை. வண்டி பிடித்துவிட்டது என்று வந்தவர் போனில் சொல்கிறார். "அப்படின்னா பணத்தை என் கணக்குல போட்டுட்டு வண்டியை எடுத்துக்குங்க" என்று பதில் வருகிறது. அவரும் அங்கேயே நின்று ரூ.1,60,000-ஐ அனுப்பிவிட்டு, "கிளம்பலாமா?" என்று சாவியைக் கேட்கிறார். "பணம் இன்னும் வரலையே" என்கிறார் வண்டிக்காரர். அதற்குள் மூன்றாமவனின் போன் அணைந்துவிட்டது.

பணத்தைப் பறிகொடுத்தவர் வண்டியை விட மாட்டார். வண்டிக்காரர் பணம் வாங்காமல் கொடுக்க மாட்டார். இரண்டு விவசாயிகளும் ஒருவரை ஒருவர் திருடன் என்று திட்டிக்கொண்டு போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டியதுதான். இதற்கு மருந்து மிகவும் எளிது. வாசலுக்கு வந்தவரிடம் முதல் கேள்வியாக, "நீங்கள் யார் சொல்லி வந்தீர்கள், என்ன விலை பேசி வந்தீர்கள்?" என்று கேட்டுவிட வேண்டும். விலை பேசாதே என்று எவன் சொல்கிறானோ அவனிடம்தான் சூது இருக்கிறது. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும்போது கூட, வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே நின்றுதான் விரலைப் பிடிக்கிறார்கள்.

பணத்தை வாங்குகிறவரின் சொந்த வங்கிக் கணக்கிலிருந்து மட்டுமே வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேறு யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து வரும் பணம் எங்கேயோ மோசடி செய்த பணமாக இருந்தால், அது போய்ச் சேர்ந்த கணக்குகளை எல்லாம் போலீசார் முடக்கிவிடுகிறார்கள். பயிர்க்கடனும், காப்பீட்டுத் தொகையும், பி.எம். கிசான் தவணையும் வருகிற கணக்கு அதுவாக இருந்தால் குடும்பமே முடங்கிவிடும். ரொக்கமாக வாங்கலாம் என்றால் அதற்கும் வரம்பு உண்டு. 2017 ஏப்ரல் முதல் ஒரே விற்பனைக்கு ரூ.2,00,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது. இரண்டு நாளாகப் பிரித்து வாங்கினாலும் சேர்த்தே கணக்கு. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் உண்டு. அந்தத் தொகைக்கு மேல் போனால் வங்கி மூலம் வாங்குவதே நல்லது.

வண்டி போனாலும் பெயர் போகவில்லை

மேலே சொன்ன நஷ்டங்கள் எல்லாம் ஒரு தடவை நஷ்டம். இனிச் சொல்லப்போவது நிலத்தையே விற்க வைக்கும்.

போனில் விளம்பரம் பார்த்து வருகிறவர் முன்பின் தெரியாதவர். உள்ளூர்த் தரகர் கொண்டுவந்த ஆளாக இருந்தால் நாளைக்கு அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். இவரை எங்கே தேடுவது? பணத்தை எண்ணிக் கொடுத்து, ஆர்.சி. புத்தகத்தையும் கையெழுத்துப் போட்ட படிவத்தையும் வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம் பேர் மாத்திக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் மாற்றுவதில்லை. ஆறு மாதத்தில் வேறொருவருக்கு விற்கிறார். அவர் இன்னொருவருக்கு விற்கிறார். அரசாங்கக் கணக்கில் வண்டி இன்னமும் முதல் விவசாயியின் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த டிராக்டர் ஆற்றில் திருட்டு மணல் ஏற்றிப் பிடிபட்டால், போலீசார் முதலில் வருவது புத்தகத்தில் பெயர் உள்ளவரின் வீட்டுக்கு. உரிமம் இல்லாத ஒரு பையன் ஓட்டி யார் மீதாவது மோதிவிட்டால், நஷ்டஈட்டு வழக்கில் எதிர்மனுதாரராகச் சேர்க்கப்படுபவரும் அவர்தான்.

நான்தான் விற்றுவிட்டேனே, எழுதி வாங்கிய காகிதம் இருக்கிறதே என்று சொன்னால் செல்லாது. இதே விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2018 பிப்ரவரியில் தீர்ப்பாகியிருக்கிறது. ஒருவர் 2007-இல் விற்ற கார், பெயர் மாற்றாமலே பல கை மாறி, 2009-இல் விபத்தை உண்டாக்கியது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பும் அவருடையதே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. பாதிக்கப்பட்டவர்கள், வண்டி யார் யார் கைக்குப் போயிற்று என்று தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். காருக்குச் சொன்னது டிராக்டருக்கும் பொருந்தும். விபத்து நடந்த அன்று காப்பீடு உயிரோடு இருந்தால் பாரம் குறையும். ஆனால் கை மாறி ஓடும் பழைய டிராக்டருக்குக் காப்பீட்டை யார் புதுப்பிக்கப் போகிறார்கள்?

மோட்டார் வாகனச் சட்டப்படி, விற்றவர் 14 நாட்களுக்குள் படிவம் 29 மூலம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள் அவகாசம். அவர் படிவம் 30-ஐக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர்தான் பெயர் மாற்ற வேண்டும், விற்கிறவருக்கு வேலை இல்லை என்று பெரும்பாலான விவசாயிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. விற்றவரின் கடமை தனி. வாங்குகிறவர் ஆந்திரா, கர்நாடகா போன்ற வெளி மாநிலத்துக்காரராக இருந்தால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28-உம் தேவைப்படும். டிரெய்லர் சேர்த்து விற்றால், டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண், தனிப் புத்தகம் என்பதால் அதற்கும் தனியாகப் பெயர் மாற்ற வேண்டும்.

இந்த வேலை தடைப்படுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பழைய கடன். பத்து வருடத்துக்கு முன்பே வங்கிக் கடனைக் கட்டி முடித்திருப்பார்கள். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயர், அதாவது எச்.பி., அப்படியே இருக்கும். வங்கியில் கடன் தீர்ந்ததற்கான சான்றும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கிக்கொடுத்து அதை நீக்காமல் பெயர் மாறாது. இரண்டாவது, வயது. விவசாய டிராக்டருக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். காலாவதியான புத்தகத்தைக் காட்டினால் வாங்குகிறவர் விலையைச் சரமாரியாக இறக்குவார், அல்லது பெயர் மாற்றாமலே ஓட்டுவார். உதாரணத்தில் சொன்ன 14 ஆண்டு வண்டியைப் போல இருந்தால், அடுத்த ஆண்டுக்குத் தள்ளாமல் இந்த ஆண்டே விற்பது மேல். இந்த இரண்டு வேலைகளையும் விளம்பரம் போடுவதற்கு முன்பே முடித்துவிட்டால், "பேப்பர் எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற ஒரு வரிக்கே விலை கிடைக்கும்.

மானியத்தில் வாங்கிய கருவியாக இருந்தால், எப்போது விற்கலாம் என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். சூரிய சக்தி பம்ப் செட்டுக்கும் இதேதான்.

சில்லறைச் சாமான்கள்

மருந்து அடிக்கும் தெளிப்பான், பழைய ஹோஸ் பைப், சொட்டு நீர்க் குழாய், ஓடாத ஆயில் என்ஜின் இவற்றைச் செல்போனில் போடுவது வீண் வேலை. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு டிராக்டருக்கு வருவது போலவே போன்கள் வரும். மோசடிக்காரனுக்குச் சாமானின் விலை முக்கியம் அல்ல, வங்கிக் கணக்கில் இருக்கும் பணம்தான் முக்கியம். எரிந்துபோன மோட்டாரை வைண்டிங் கடையில் கொடுத்தால் செம்புக்கு விலை போட்டு எடுத்துக்கொள்வார்கள். மற்றவற்றை ஊரிலேயே டீக்கடையில் சொல்லி வைத்தால் போதும்.

சாவி கொடுக்கும் நாள்

டிராக்டர் விற்பனை பேசி முடிந்ததும், கூடுமானால் வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு ஒன்றாகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விடுவது உத்தமம். அரை நாள் வேலை போகும். போகட்டும். அது முடியாவிட்டால், வண்டி விலைக்கு மேல் ரூ.5,000 அல்லது ரூ.10,000 டெபாசிட்டாக வாங்கி வைத்துக்கொண்டு, பெயர் மாற்றிய புத்தகத்தைக் காட்டியதும் திருப்பித் தருவதாகப் பேசிக்கொள்ளலாம். வாங்குகிறவர் நாணயமானவராக இருந்தால் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. வாங்குகிறவரின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம், தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. வண்டியை ஒப்படைத்ததற்கான டெலிவரி காகிதத்தில் தேதியோடு மணியையும் எழுதி, இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் வாங்க வேண்டும். அன்று மாலையே சாலையில் ஏதாவது நடந்தால் அந்த மணி முக்கியமாகிவிடும். இருவரும் வண்டியோடு நிற்கும் படம் ஒன்றும், வாங்குகிறவரின் ஆதார் நகலும் வீட்டில் இருக்க வேண்டும். விளம்பரத்தையும் அன்றே எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே படங்களை வைத்து வேறொருவன் வியாபாரம் செய்வான்.

ஒரு மாதம் கழித்து, அரசாங்கத்தின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தால் உரிமையாளர் பெயரில் சில எழுத்துக்களாவது தெரியும். பழைய பெயரே இருந்தால், படிவம் 29-இன் நகலையும் டெலிவரி காகிதத்தின் நகலையும் இணைத்து, விற்றுவிட்ட விவரத்தை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, முத்திரை வைத்த ஒப்புதல் நகலைத் தேதியோடு வாங்கி வர வேண்டும். வாங்கியவருக்கும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போட்டு, அந்த ரசீதை நிலப் பத்திரங்களோடு சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.